பச்சைக் கொக்கு

சேலம், 1937 புரட்டாசி.

சௌபாக்கியவதி தெய்வநாயகிக்கு மருதாசலம் ஆசீர்வதித்து எழுதுவது. நான் சுகமே. அம்மாவுக்குக் கால்வீக்கம் வடிந்ததா? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீரை இப்போது பக்கத்து ஓடையின் கோரைச் சேற்றில் விடுகிறோம். போன வாரம் பச்சைச் சாயம் போட்டோம். அங்கே இரை தேடிய கொக்குகளுக்கு வயிறெல்லாம் பச்சை ஏறிவிட்டது. மேஸ்திரி, "ஏனுங்க மருதாசலம், கொக்குக்கும் நம்ம சாயம் புடிச்சிருச்சுங்களே!" என்றார். நானும் சிரித்தேன்.

மறுநாள் கெண்டையும் அயிரையும் செத்து மிதந்தன. அதன்பிறகு கொக்குகள் வரவில்லை. ஒன்று மட்டும் மீனில்லாத தண்ணீரைப் பார்த்தபடி நாள் முழுக்க நிற்கிறது. நானும் அதைப் பார்க்கிறேன். மனசில் ஒன்றும் தோன்றுவதில்லை.

ஊரிலிருந்து யாராவது வந்தால் ஒரு மரக்கரண்டி கொடுத்தனுப்பு. முழங்கைவரை ஏறிய பச்சை போகவில்லை. அந்தக் கையால் சோறு பிசையப் பிடிக்கவில்லை. வேறொன்றுமில்லை.

மேஸ்திரி கூப்பிடுகிறார். தீபாவளிக்கு நீ கேட்ட பச்சைச் சேலைக்கான நூலையும் இந்த ஓடையில்தான் அலசுகிறோம். சாயம் படாத வெள்ளைச் சேலையை, நான் உயிரோடு இருக்கும்வரை நீ உடுத்தக் கூடாது. அதனால் பச்சையே எடுத்து வருகிறேன்.

மருதாசலம்