கடைசி வண்டியின் டிரைவருக்கு

ஜனவரி 4

டிரைவர் ஐயா அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் நேற்று ஒரே நாளில் பதினொரு முறை போன் செய்யத் தெம்பு வந்திருக்காது. நான் எடுக்கவில்லை என்றதும் அக்காவுக்கு நான்கு முறை. "அந்தாளு போனை எடுத்துத் தொலையேன்டி, என் காது போகுது" என்று அவள் கத்துகிறாள். எடுக்க மாட்டேன். போனில் நான் ஒரு பேச்சைத் தொடங்கினால் மீதியை நீங்கள் சொல்லி முடித்துவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. இனி எதுவானாலும் எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி நடக்கிற அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இருபத்தோரு கிலோமீட்டர். நாற்பத்து மூன்று வயதில் இது தேவையா என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் ஈரப் போர்வை நிரம்பிய தள்ளுவண்டியை நாள் முழுக்கத் தள்ளுகிறவளுக்குக் காலில் பலம் இருக்கிறது. ஏழு வாரமாக விடியற்காலையில் ஓடிப் பழகுகிறேன். பதினான்கு கிலோமீட்டர் வரை வந்துவிட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அன்றைக்கு நீங்கள் அந்தப் பக்கமே வரக் கூடாது. ஓரத்தில் குளுக்கோஸ் டப்பாவோடு நிற்கக் கூடாது. "போதும் வா, முகம் வாடிப்போச்சு" என்று சொல்லக் கூடாது. கார் ஓட்டப் பழகினேன். எட்டாம் நாள் நீங்களே பயிற்சியாளரிடம் போய், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லி நிறுத்தினீர்கள். எனக்கு ஒரு பயமும் இல்லை, உங்களுக்குத்தான் இருந்தது. தட்டச்சுப் பரீட்சை அன்று காலையில் லேசாகத் தலைவலி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பரீட்சை நடக்கிற அறைக்கே வந்து என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். பதினான்கு வருஷத்தில் ஒரு சண்டையைக்கூட நீங்கள் முழுசாகப் போட விட்டதில்லை. பாதியிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுவீர்கள்.

இதை ஒன்றை முடிக்க விடுங்கள். ஐந்து மாதமாக "எப்ப வீட்டுக்கு வர்றே" என்று கேட்கிறீர்களே, அதற்கு இதை முடித்த பிறகு பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா வீட்டு மாடி அறையில் இருப்பவள்


ஜனவரி 9

என் மகாராணிக்கு,

ஆசையோடு எழுதிக்கொண்டது. சாப்பிட்டாயா? பதில் வர நாலு நாள் ஆகும் என்று தெரியும், இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

உன் கடிதத்தை டிப்போவில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து மூன்று தரம் படித்தேன். சண்டையை முடிக்க விடவில்லை என்று புருஷன்மேல் புகார் சொன்ன மனைவி இந்த உலகத்தில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். தட்டச்சுப் பரீட்சை விஷயத்தில் நான் செய்தது தப்பு. கார் விஷயத்தில் பாதித் தப்பு. அந்த வண்டியின் பிரேக்கை நீ பார்த்திருக்கிறாய் அல்லவா?

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டுக் கோபப்படாதே. ஓட்டக்காரர்களுக்குப் பின்னால் ஒரு பஸ் போகுமாம். மூன்றேகால் மணி நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பது கணக்கு. பஸ்ஸும் சரியாக அதே வேகத்தில் வரும். பின்தங்கி அதனிடம் மாட்டுகிறவர்களையெல்லாம் ஏற்றிக்கொள்ளும். அது எல்லைக்கோட்டுக்கு வந்து சேர்ந்ததும் வாசலை மூடிவிடுவார்கள். அதற்கு வண்டி எங்கள் டிப்போவிலிருந்து போகிறது. டிரைவர் நான்.

சத்தியமாக நான் கேட்டு வாங்கவில்லை. பலகையில் டூட்டி போட்டிருந்தார்கள். என் பேர்தானா என்று இரண்டு தரம் பார்த்தேன்.

உன் அன்புள்ள,
வண்டிக்காரன்


ஜனவரி 14

டிரைவர் ஐயாவுக்கு,

இந்த ஊரில் வேறு டிரைவரே இல்லையா? உங்கள் டிப்போவில் மட்டும் அறுபது பேர் இருக்கிறார்கள். ஓடிக் களைத்தவளைப் பார்த்து "ஏறு" என்று சொல்வதுதான் அந்த வண்டியின் வேலை. பதினான்கு வருஷம் சம்பளம் இல்லாமல் செய்த வேலையை இப்போது சீருடை போட்டுச் செய்யப் போகிறீர்கள். தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா அரை மணி நேரம் சிரித்தாள்.

டூட்டியை மாற்றிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் இதைக் கேளுங்கள். நான் பின்தங்கினால் மற்றவர்களை எப்படி ஏற்றுவீர்களோ அப்படியே என்னையும் ஏற்ற வேண்டும். முகத்தைப் பார்த்து முன்கூட்டியே கதவைத் திறக்கக் கூடாது. எனக்காக மெதுவாகவும் வரக் கூடாது. சட்டம் எல்லோருக்கும் ஒன்று. அப்படி நடப்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓடப் போகிறவள்


ஜனவரி 20

என் மகாராணிக்கு,

ஐந்து பேரிடம் டூட்டி மாற்றக் கேட்டுவிட்டேன். ஒருத்தருக்குக் கண் ஆபரேஷன். இரண்டு பேர் ஏற்கெனவே லீவு. நாலாவது ஆள், "மணிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்துல மூணு மணி நேரம் ஓட்டணுமா? அதுக்கு நான் இறங்கித் தள்ளிக்கிட்டே போயிருவேன்" என்கிறார். ஐந்தாவது ஆள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, இந்த வேடிக்கையை விட மாட்டேன் என்று அன்றைக்குப் பார்க்க வருகிறாராம்.

ஆகவே, நீ கேட்டபடி: நீ பின்தங்கினால் ஏற்றுவேன், முன்னால் போனால் விடுவேன், உனக்காக வேகத்தைக் கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன். இது உறுதி.

புதுக் காலுறையை அன்றைக்கு முதல்முதலாகப் போடாதே, கொப்புளம் வரும். இது அறிவுரை இல்லை, தகவல்.

கையெழுத்திட்டு,
டிரைவர்


பிப்ரவரி 18

ஐயா,

முந்தாநாள் வரை எனக்கு இருந்த சந்தோஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று உங்களுக்குப் புரியும்.

பதினாறாவது கிலோமீட்டரில் இடுப்பு பிடித்துக்கொண்டது. நடந்தேன், கொஞ்சம் ஓடினேன், மறுபடி நடந்தேன். பின்னால் பஸ் சத்தம் கேட்டது. அந்த கியர் மாற்றுகிற விதத்தை வைத்தே நீங்கள் என்று தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்க்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. நான் வேகமாக ஓடி உங்களைப் பின்னால் விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். நடுரோட்டில் தனியாகச் சிரித்தேன். எல்லைக்கோட்டைத் தாண்டினேன், கழுத்தில் மெடல் போட்டார்கள், அழுதேன். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனேன். சலவைப் பிரிவில் மெஷினை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்கள்.

நேற்று நேரப் பட்டியல் வந்தது. என் எண்ணுக்கு நேரே மூன்று மணி இருபத்திரண்டு நிமிஷம். மூன்றேகாலுக்கு வாசல் மூடியிருக்க வேண்டும். அப்புறம் நான் எப்படி உள்ளே போனேன்?

எங்கள் ஆஸ்பத்திரி மருந்தாளுநரும் ஓடியவர். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் உங்கள் பஸ்ஸில் ஏறியவர். அவர்தான் சொன்னார். "உங்களுக்குத் தெரியாதா? வண்டி சூடாயிருச்சுன்னு டிரைவர் நிறுத்திட்டாரும்மா. பத்து நிமிஷம். எங்களுக்கு வெச்சிருந்த குடிதண்ணி பாட்டில் மூணை எடுத்து ரேடியேட்டர்ல ஊத்தினாரு. நான் தொட்டுப் பாத்தேன், சூடே இல்ல."

உங்களிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கையெழுத்து வேறு போட்டீர்கள்.

இதற்கு மேல் எழுதினால் காகிதம் கிழிந்துவிடும்.


பிப்ரவரி 22

என் கண்ணுக்கு,

செய்தேன். பொய் சொல்ல மாட்டேன். பொய்யெல்லாம் அன்றைக்கே ரேடியேட்டரில் ஊற்றியாகிவிட்டது.

பதினேழாவது கிலோமீட்டர் பலகைக்குப் பக்கத்தில் உன்னை எட்டிவிட்டேன். நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாய். என் பக்கத்தில் அட்டையும் பேனாவுமாக ஒரு அதிகாரி அம்மா. "அந்த லேடியை ஏத்திக்கங்க" என்றார். கதவைத் திறக்கிற பொத்தான்மேல் விரல் வைத்துவிட்டேன். "ஏறு" என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. பழக்கதோஷம். அப்போதுதான் "இதை ஒன்றை முடிக்க விடுங்கள்" என்ற உன் ஜனவரிக் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. கதவைத் திறந்தால் நீ ஏறிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும். ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்து, அதோடு என்னிடம் வாழ்நாள் முழுக்கப் பேச மாட்டாய். விரலை எடுத்துவிட்டேன். எஞ்சினை அணைத்தேன்.

அந்த அதிகாரி அம்மா டிப்போவுக்கு எழுதிவிட்டார். விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ ஓடியது நிஜம்தானே? இருபத்தோரு கிலோமீட்டரையும் உன் கால்தானே கடந்தது? பத்து நிமிஷத்தை மட்டும்தான் நான் கொடுத்தேன். அதற்கு இவ்வளவு கோபமா? எனக்கு உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. வீட்டுக்கு வந்துவிடேன்.

உன்,
வண்டிக்காரன்


மார்ச் 3

ஐயா,

மெடலை ஓட்டம் நடத்தியவர்களின் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அங்கிருந்த குமாஸ்தா, "மெடலைத் திருப்பிக் குடுக்கறதுக்கு எங்ககிட்ட ஃபாரமே இல்லையேம்மா" என்று முழித்தார். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். சலவைப் பிரிவில் எல்லோரிடமும் விஷயத்தைச் சொன்னேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. கை தட்டியவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மெஷினைப் பார்த்தார்கள்.

எதற்கு இவ்வளவு கோபம் என்று கேட்டீர்கள். இத்தனை வருஷம் என்னை ஜெயிக்கத்தான் விடவில்லை என்று நினைத்திருந்தேன். நீங்கள் தோற்கவும் விடுவதில்லை. தோற்றிருந்தால் அது என்னுடைய தோல்வியாக இருந்திருக்கும். இப்போது என்னுடையது என்று எதுவும் இல்லை.

அந்த ஓட்டம் கணக்கில் சேராது. என் முதல் ஓட்டம் இனிமேல்தான். எப்போது, எந்த ஊரில் என்று சொல்ல மாட்டேன். அதுவரை எழுதவும் மாட்டேன்.


ஜூன் 9

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் ஏழு கடிதங்களும் வந்தன. எல்லாவற்றையும் படித்தேன். மெமோ வெறும் எச்சரிக்கையோடு போனது நல்லதுதான். மூன்றாவது கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்த மன்னிப்பு மற்றவற்றைவிடப் பரவாயில்லை, அதில் பிரேக்கைப் பற்றி எதுவும் இல்லை.

நேற்று ஓடினேன். பஸ்ஸில் மூன்று மணி நேரம் போக வேண்டிய ஒரு ஊர். என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அங்கேயும் அதே மூன்றேகால் மணி நேரக் கணக்கு, அங்கேயும் ஒரு கடைசி வண்டி. பதினெட்டு வரை எனக்குப் பின்னால்தான் இருந்தது. பத்தொன்பதாவது கிலோமீட்டரில் பக்கத்தில் வந்து நின்றது. பெரிய மீசைக்காரர் ஒருவர் கதவைத் திறந்தார்.

"ஏறுங்கம்மா, டைம் முடிஞ்சுது."

"நான் ஏறலைங்க."

"நெஜமாவா? நடந்துருவீங்களா?"

"நடந்துருவேன்."

"சரிம்மா. பிளாட்பாரத்து மேல போங்க, ரோட்டைத் திறக்கப் போறாங்க."

கதவை மூடிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். நான் அங்கேயே நின்று அந்த பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தால் ஏறிவிடுவேன், என்னைத் தெரியும் என்று எழுதினீர்களே. உங்களுக்குத் தெரியாது. எனக்கே நேற்றுதான் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது கதவைத் திறந்துவிட்டு, நான் என்ன சொல்கிறேன் என்று நின்று கேட்டிருக்கிறீர்களா? ஒன்று கையைப் பிடித்து ஏற்றுவீர்கள், இல்லாவிட்டால் எஞ்சினை அணைப்பீர்கள். யாரோ ஒரு மீசைக்காரருக்கு அரை நிமிஷத்தில் வருவது உங்களுக்கு ஏன் வரவில்லை என்று மீதி இரண்டு கிலோமீட்டரும் உங்களைத் திட்டிக்கொண்டே நடந்தேன். கடைக்குப் போகிறவர்கள், நாயைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லோருக்கும் வழிவிட்டுப் போக வேண்டியிருந்தது. இடது கால் கட்டைவிரலில் கொப்புளம். காலுறை பழையதுதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லைக்கோட்டில் நிறுத்தியிருந்த காற்றடைத்த வளைவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாதிக் காற்று போய் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. குனிந்து உள்ளே போனேன். காற்றை இறக்கிக்கொண்டிருந்தவர், "மெடல் பெட்டியெல்லாம் வண்டில ஏத்தியாச்சேம்மா" என்று பாவமாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். என் கைக்கடிகாரத்தில் மூன்று மணி இருபத்தாறு நிமிஷம். நீங்கள் உதவி செய்தபோது ஓடியதைவிட நாலு நிமிஷம் அதிகம். எந்தப் பட்டியலிலும் வராது. ஆனால் முடித்துவிட்டேன்.

முடித்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அக்காவிடம் சொல்லலாம், தூங்கிக்கொண்டிருப்பாள். சலவைப் பிரிவில் சொல்லலாம். மனசில் உங்கள் முகம்தான் வந்து நின்றது. எவ்வளவு எரிச்சலாக இருந்தது தெரியுமா? இவ்வளவு தூரம் தனியாக வந்து, கடைசியில் உங்களிடம் சொன்னால்தான் நிறைவு என்று இந்த மனசு அடம் பிடிக்கிறது.

முடித்த பிறகு பதில் சொல்கிறேன் என்றேன் அல்லவா? அதை நேரில்தான் சொல்ல வேண்டும். இந்த மாதக் கடைசி ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அக்கா வீட்டில் இருப்பேன். அதற்காக உடனே கிளம்பி வந்து நிற்காதீர்கள். வரலாமா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். வாருங்கள் என்றுதான் எழுதுவேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் கேளுங்கள்.

உங்கள் மனைவி