பச்சையா இருக்கும், வாயில் கரையும், கண்ணில் தண்ணீர் வரும்

அக்கா, இந்தக் காகிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் அறையில் இருப்பவளிடமும் கூடாது, லீவு முடிந்து நாளைக்கு விமானம் ஏறி இந்தப் பார்சலைக் கொண்டுவந்து தரும் உன் கூட வேலை செய்பவளிடமும் கூடாது. படித்ததும் கிழித்துவிடு, கிழித்ததை ஒரே குப்பைத்தொட்டியில் போடாதே. மேலே 'அன்பு மகளுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது' என்று எழுதி அடித்திருக்கிறேனே, அது கைப்பழக்கம். எட்டு மாதமாக அம்மா சொல்லச் சொல்ல உனக்கு எழுதியதில், பேனாவைத் தொட்டாலே என் கை அம்மாவாகிவிடுகிறது. அம்மாவின் கடிதம் தனியாக, பார்சலில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும், இங்கு யாவரும் நலம் என்று இருக்கும். என்னுடையது நீலக் காலுறையின் வலது காலுக்குள். விடிந்ததும் அப்பா பார்சலை ஒட்டிவிடுவார், அதற்குள் முடிக்க வேண்டும். நடுவில் யாராவது எழுந்து வந்தால் கடைசி வரியை எழுத முடியாது என்பதால் வாழ்த்தையும் கையெழுத்தையும் இப்போதே போட்டுவிடுகிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நோய் நொடி இல்லாமல், சிரித்த முகமாக இருக்க வேண்டும். வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்கும் முன் இதைக் கட்டாயம் இரண்டு தடவை படி. இப்படிக்கு, உன் வாலு. இனி எந்த வரியில் நின்றாலும் கவலையில்லை.

போன மாதம் போனில், அங்கே என்ன சாப்பிடுகிறாய் என்று அம்மா கேட்டதற்கு நீ ஒரு பதில் சொன்னாய். அப்பா வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டு, சத்தம் போதவில்லை என்று போனைத் தூக்கி எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி வைத்திருந்தார். நீ சொன்ன முதல் சொல் கரகரவென்று போய்விட்டது. மிச்சம் மட்டும் கேட்டது. "பச்சையாத்தான் இருக்கும்மா, ஆனா வாயில வச்சா அப்படியே கரைஞ்சிடும், மொத தடவை சாப்பிட்டப்ப கண்ணுல தண்ணியே வந்துடுச்சு, அவ்ளோ நல்லா இருந்துச்சு." அதோடு லைன் போய்விட்டது. அம்மாவுக்கு அன்றைக்குத் தூக்கமே இல்லை. பச்சையாக என்ன அது, கீரையா, காயா, பாசி கீசியா, பிள்ளைக்கு என்னத்தைப் போடுகிறார்கள் என்று புரண்டு புரண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த ஞாயிறு மறுபடி கேட்டால் போயிற்று என்று நான் சொன்னேன். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "போன்ல கேட்டா நல்லா இருக்குன்னுதான் சொல்லுவா. லிஃப்டைக் கேட்டா அதுவும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லும். ஏறிப் பாக்கணும்" என்றார். உனக்குத்தான் அப்பாவின் கணக்குத் தெரியுமே, மூன்று தடவை ஏற்றி இறக்காமல் எந்த லிஃப்டுக்கும் கையெழுத்துப் போடமாட்டார். முதல் தடவை காலியாக, இரண்டாவது மூட்டை ஏற்றி, மூன்றாவது தான் மட்டும் தனியாக உள்ளே நின்று. டயர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் புதிதாக ஜப்பான் ஓட்டல் திறந்திருக்கிறார்கள், நீ சாப்பிடுவதைத்தானே அங்கேயும் செய்வார்கள், அங்கே பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று.

நீ இங்கே இருந்தபோது அந்த இடம் செருப்புக் கடையாக இருந்தது. அதே இடம், அதே ஆள்கூட. உனக்குப் பள்ளிக்கூட ஷூ மாட்டிவிட்ட நெட்டைக்காரர்தான் இப்போது நெற்றியில் துணி கட்டிக்கொண்டு பரிமாறுகிறார், இன்னும் உள்ளே வருகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் காலைத்தான் பார்க்கிறார். செருப்புப் போட்டுப் பார்க்கும் சாய்ந்த கண்ணாடிகளையும் எடுக்கவில்லை, அதனால் சாப்பிடும்போது எல்லாருடைய கணுக்காலும் தெரியும். நுழைந்ததும் அவர் குனிந்து என்னவோ ஒன்று கத்தினார். அம்மா பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன், "தெரியாதும்மா, முதலாளி கத்தச் சொன்னாரு" என்றார். முதல் தடவை என்பதால் அப்பா எங்களைக் காலையிலிருந்து காலி வயிற்றோடு கூட்டிப் போயிருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டபோது அப்பா என்னைப் பேசச் சொன்னார், நான்தானே வீட்டில் எழுதுகிறவள் படிக்கிறவள். அக்கா, இங்கேதான் தப்புச் செய்தேன். "பச்சையா இருக்குமாம், வாயில வச்சா கரையுமாம், கண்ணுல தண்ணி வருமாம், அதைக் குடுங்க" என்றேன். அவர் கண்ணாடியில் எங்கள் கால்களையே பார்த்தபடி வெகுநேரம் யோசித்தார். பிறகு உள்ளே போய் மூன்று தட்டு கொண்டுவந்தார். ஒவ்வொன்றின் நடுவிலும் பச்சையாக ஒரு உருண்டை, கோலிக்குண்டு அளவில்.

அப்பா முழுசாக வாயில் போட்டார், நாங்களும் போட்டோம். அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது. மூக்கு வழியாக யாரோ ஆணி அடித்து மண்டையில் கொண்டுபோய் முறுக்கியதுபோல் இருந்தது. அம்மா மேசையைக் குத்தினாள். அப்பாவின் முகம் சிவந்து, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, ஆனாலும் விரலை மடக்கி எண்ணினார். பச்சையா இருந்தது, சரி. வாயில் கரைந்தது, சரி. கண்ணில் தண்ணீர் வந்தது, அதுவும் சரி. மூன்றும் நீ சொன்னபடியே, ருசி ஒன்றுதான் பொய். வரும் வழியெல்லாம் அம்மா ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள், "இதையா தின்னுட்டு நல்லா இருக்கேன்னு சொல்றா என் பொண்ணு?"

மறு வாரம் இரண்டாவது தடவை. மூட்டை ஏற்ற வேண்டுமே, வீட்டிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனோம். இந்த முறை நான் வாயைத் திறக்காமல் அட்டையிலிருந்த ஒரு படத்தில் விரலை வைத்தேன். சில்லென்ற சோற்றுக்கட்டியின் மேல் மீன் துண்டு வந்தது. தொட்டால் நனைந்த சோப்பு, கடித்தால் நடுவில் ஐஸ். அப்பா நெட்டைக்காரரைக் கூப்பிட்டு இது வேகவில்லையே என்றார். அவர் எடுத்துப் போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தார், அதற்கப்புறம் அது சோப்பாகவும் இல்லை மீனாகவும் இல்லை. வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் தூசி படிந்து உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் மீனைக் கொடுத்திருந்தால் பசியாவது ஆறியிருக்கும் என்று அம்மா சொன்னாள். ஒன்று மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும், அந்த இரண்டு குச்சிகளைப் பிடிப்பதில் அப்பாவுக்கு நிகர் அந்தக் கடையிலேயே இல்லை. சின்னத் திருகாணியை எடுக்கிற விரல்களல்லவா, ஒரு சோற்றுப் பருக்கையைத் தனியாகத் தூக்கிக் காட்டினார். அப்போது மட்டும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. "சோத்துல பொய் சொல்றவ தூக்கத்துலயும் சொல்லுவா, வேலையிலயும் சொல்லுவா. நம்மகிட்ட மறைக்கறா. மூணாவது தடவை பாத்துட்டு, ஞாயித்துக்கிழமை கிளம்பி வான்னு சொல்லிடறேன்" என்றார். அம்மா உன் அலமாரியிலிருந்த என் புத்தகங்களை அன்றைக்கே இறக்கிக் கீழே வைத்துவிட்டாள். தான் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிற மாதிரி உன் பழைய துணிகளையும் ஓரம் பார்த்து மடித்து அடுக்கிவிட்டாள். நீ வருவது எனக்குப் பிடிக்காமலா இருக்கும், ஆனால் அங்கே தாத்தா பாட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த வேலைக்காக நீ இரண்டு வருடம் ஜப்பான் எழுத்தைச் சுவரெல்லாம் எழுதிப் படித்ததைப் பார்த்தவள் நான். ஒரு பச்சை உருண்டைக்காகவா நீ திரும்பி வர வேண்டும்? அதுவும் நான் கேட்டு வாங்கின உருண்டை.

அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். புதன்கிழமை கணக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் பச்சைப் பொய் சொல்லிவிட்டு, டயர் கடைச் சந்து வழியாக அந்த ஓட்டலின் பின்வாசலுக்குத் தனியாகப் போனேன். அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். சமையல்காரர் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து வெள்ளரிக்காய் சீவிக்கொண்டிருந்தார். புகார் என்றால் முன்வாசலில் சொல்லச் சொன்னார். புகார் இல்லை, ஒரு சந்தேகம் என்றேன். "எங்க ஓட்டல்ல சாப்பிட்டுட்டு சந்தேகம் வராம போனவங்க யாரு பாப்பா" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அடக் கடவுளே, உருண்டைய முழுசா முழுங்கின குடும்பம் நீங்கதானா! அது மீனுக்குத் தொட்டுக்கற காரம்மா, ஊசி முனையில எடுக்கணும். உங்கக்கா சொன்னது நெறத்தை இல்ல. வேக வைக்காததுன்னு சொல்லியிருக்கா. பச்சை மீனு!" என்றார். பச்சைத் தண்ணீர் என்றால் பச்சையாகவா இருக்கிறது? தமிழில் நான்தான் வகுப்பில் முதல்.

பிறகு அவரிடம் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டேன். நீங்கள் அந்த நாட்டுக்குப் போயிருக்கிறீர்களா என்றால் விமானத்தையே அண்ணாந்துதான் பார்த்திருக்கிறாராம். இதற்கு முன் ஆஸ்பத்திரி கேன்டீனில் கஞ்சி காய்ச்சியவர். ஒரு காலண்டரில் இருந்த பன்னிரண்டு படங்களைப் பார்த்துத்தான் பன்னிரண்டு பலகாரமும் செய்கிறார், முதலாளியிடம் சொல்லிவிடாதே என்று என்னிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். உறைந்த மீனை முதலாளியின் அவசரத்துக்குச் சுடுதண்ணீரில் போட்டு எடுக்கிறார்களாம், அதனால்தான் அந்தச் சோப்பு. தனக்கே நிஜ ருசி எப்படி இருக்கும் என்று ஆசை வந்து, ஒரு துண்டை மட்டும் ஒளித்து இரண்டு நாள் மெதுவாக இளகவிட்டு வைத்திருந்தார். அதில் ஓர் இதழ் அளவு சீவி என் கையில் வைத்தார். அக்கா, கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். வாடையே இல்லை. வெண்ணெய் மாதிரி நாக்கிலேயே போய்விட்டது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது நீ பொய் சொல்லவில்லை என்று.

நான் கிளம்பும்போது அவர் கேட்டார், உங்கப்பா தோளில் கருவிப் பை மாட்டிக்கொண்டு வருவாரே அவரா என்று. ஆமாம் என்றேன். "அவரு மத்தியானத்துல தனியா வர்றாரே. அஞ்சு தடவை வந்துட்டாரு. அந்த மூலையில உக்காந்து, அந்தப் பச்சை உருண்டைய கொஞ்சமா நாக்குல வச்சு, கண்ணைத் தொடச்சுட்டு, இன்னைக்கு நல்லா இருக்கான்னு என்னையே கேக்கறாரு. இந்த ஓட்டலுக்குத் திரும்பத் திரும்ப வர்ற ஒரே ஆளு அவருதான்" என்றார். மூன்றாவது தடவை இன்னும் பாக்கி என்றுதான் அப்பா வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு லிஃப்டுக்கும் அவர் நான்காவது தடவை பார்த்ததில்லை. உன்னைப் பெயிலாக்க அவருக்கு மனசே வரவில்லை அக்கா, எப்படியாவது அது ருசித்துவிடாதா என்று மறுபடி மறுபடி ஏறிப் பார்க்கிறார்.

நான் போய் உண்மையைச் சொல்லிவிடலாம், சொன்னால் ஸ்பெஷல் கிளாஸ் வெளியே வந்துவிடும். அதனால் நீ சொல். ஞாயிற்றுக்கிழமை அப்பா வாயைத் திறக்கும் முன், அது வேகாத மீன், உருண்டை இல்லை, அந்த ஓட்டல் ஓட்டலே இல்லை என்று முந்திக்கொள். ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். புதன்கிழமையிலிருந்து யோசிக்கிறேன். பச்சை புரிந்துவிட்டது, கரைவதும் புரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் மட்டும் எனக்கு வரவில்லை. நல்ல மீனுக்கு ஏன் அக்கா அழுகை வந்தது? அன்றைக்கு உன் பக்கத்தில் சாப்பிட யாரும் இல்லையா? அந்தத் தாத்தா பாட்டிகள் உன்னைத் திட்டுகிறார்களா? நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறேன் என்று சொல், நான் நம்புவேன். இல்லையென்றால் பேச்சோடு பேச்சாகப் பச்சைத் தண்ணீர் என்று ஒரு தடவை சொல், எனக்கு மட்டும் புரியும். அப்போது தோல் உரிந்தாலும் சரி, நானே அப்பாவிடம்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. மெதுவாகத் தட்டுகிறார். பாப்பா முழிச்சிருக்கியா, பார்சலை நான் ஒட்டறதுக்கு முன்னாடி, உங்கம்மாவுக்குத் தெரியாம அக்காவுக்கு ஒரு காகிதம் உள்ள வைக்கணும் என்கிறார். அந்த நீலக் காலுறை எங்க இருக்கு என்று கேட்கிற