பதினான்காவது ஃப்ளாப்பி

மறைமலை நகர்
21.10.1991

அன்புள்ள சகாயமேரிக்கு,

ஆண்டவர் கிருபையில் நான் சுகம். உனக்கு இருமல் விட்டதா? பாப்பா சரியாகப் பால் குடிக்கிறாளா?

இங்கே சின்ன அடிதடி, பதறாதே. ஆபீஸ் கம்ப்யூட்டரில் டாஸ் இருக்கும் டிஸ்க்கைத் தொடாமல், தனிப் பெட்டியாக வந்த இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் யூனிக்ஸ் ஏற்றச் சொன்னார் மேனேஜர். ஆயுத பூஜையன்று தகடு அடிக்கும் பிரஸ் மிஷின்கள் ஓடாது, கரண்ட் ஆடாது என்று அன்றைக்கே உட்கார்ந்தேன். யூனிக்ஸ் ஒரு கட்டு ஃப்ளாப்பியில் வரும், ஒவ்வொன்றாகப் போட வேண்டும்; பதினான்காவது ஃப்ளாப்பி போட்டபோது பிரஸ் ஷாப் கோதண்டம் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"இன்னாப்பா, பூஜ நாள்ல மிஷின ஓட்டிக்கினு கீற? நிறுத்து!"

"பாதியில நிறுத்தினா எல்லாம் போயிரும்ணே."

விட்டார் ஓர் அறை. மூக்கில் ரத்தம். வயரோடு பெட்டியைப் பிடுங்கி, பூசணிக்காய் உடைப்பதுபோல் வாசலில் ஓங்கி அடித்தார். நானும் பாய்ந்து அவர் சட்டையைக் கிழித்தேன். நாலு பேர் வந்து பிரித்தார்கள்.

வெள்ளைச் சட்டையில் கறை போகவில்லை, நீலச் சட்டையை அனுப்பு. அதன் மடிப்புக்குள் உன் போட்டோ ஒன்றும் வை. ஷிப்ட் மணி அடித்துவிட்டது.

ஒன்று சொல்ல மறந்தேன். கண்ணாடியில் பார்த்தால் கன்னத்தில் இரண்டு விரல் தடம்தான். கோதண்டத்தின் மற்ற இரண்டு விரலும் போன வருஷம் ஆயுத பூஜையன்று பிரஸ்ஸில் போயின. பூஜை நாளிலும் மிஷினை ஓட்டச் சொன்னவர் இதே மேனேஜர். பெட்டி என் கை தவறி விழுந்தது என்று அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன்
யேசுராஜ்