முதலில் பேசிய சேவல் எது?

ஜூன் 24, செவ்வாய்
டிவியில் போர்ச் செய்தி பார்த்துவிட்டு வந்த முகேஷ்குமார், "டீச்சர், குண்டு வடமதுரை வரைக்கும் வருமா? எங்க மாமா வீடு அங்கதான் இருக்கு" என்றான். வராது என்றேன். "அப்ப பேகம்பூருக்கு?" என்றாள் பாத்திமா. ஒன்றாம் வகுப்பு 'அ' பிரிவே கலங்கிப்போனது. படித்துக்காட்டச் சொல்லி ஹெச்.எம். ஒரு படக்கதைப் புத்தகம் கொடுத்தார்.

ஜூன் 25
சிவப்புச் சேவல்களுக்கும் கறுப்புச் சேவல்களுக்கும் போர். கூடு எரிகிறது. பிள்ளைகள் அழுவார்கள் என்று கைக்குட்டையோடு போனேன். மணி அடிப்பதற்குள் வகுப்பு இரண்டு கட்சியாகிவிட்டது. முகேஷ்குமாருக்குச் சட்டைப் பொத்தான் இரண்டு போச்சு.

ஜூன் 27
ஒரு பக்கத்தில் கொத்திக்கொள்கின்றன. அடுத்த பக்கத்தில், அதுதான் கடைசி, சேர்ந்து புதுக் கூட்டுக்குக் குச்சி பொறுக்குகின்றன. "மொதல்ல யார் பேசுனா?" என்றாள் பாத்திமா. நடுவில் தாள் ஒட்டிக்கொண்டதா என்று நானே பிரித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் பேசின என்று சமாளித்தேன். "அப்ப யாருக்குமே கேட்டிருக்காதுல்ல டீச்சர்."

பிறகு, "நீங்களும் மணிமேகலை டீச்சரும் சண்டையா?" பெரியவங்களுக்கு வேலை இருக்கும் என்றேன். "சேவலும் அப்படித்தான் சொல்லும்" என்றாள். ஆறு வயசுக்கு என்ன வாய்.

ஜூன் 30
சரி, எழுதித் தொலைக்கிறேன். மார்ச்சில் ஆண்டு விழா. பக்கத்து வகுப்பு மணிமேகலையின் பிள்ளைகள் ஆடினார்கள். ஒன்ஸ்மோர் என்று யாரோ கத்த, மறுபடியும் ஆடினார்கள். என் பிள்ளைகள் மேடை ஏறும்போது கீழே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "கத்துனது உங்க வீட்டுக்காரர்தானே" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து பேச்சில்லை. அலமாரிச் சாவி வேண்டுமென்றால் பிள்ளைகள்தான் தூது. எட்டு வருஷம் ஒரே டப்பாவில் வெஞ்சனம் தின்றவர்கள் நாங்கள்.

ஜூலை 2
மணிமேகலைக்கு ரெட்டியார்சத்திரம் பக்கம் மாறுதல். நாளையோடு சரி. எனக்கென்ன — ரசத்துக்கு இரண்டு தரம் உப்புப் போட்டிருக்கிறேன்.

ஜூலை 3
மத்தியானம் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது டீச்சர்."

டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினார். "கேட்டதுல தப்பில்ல ரீனா. கத்துனது அவருதான். கத்தச் சொன்னது நான்."

சிரித்த சிரிப்பில் இருவருக்கும் புரையேறியது.

ஜூலை 7
சாப்பாட்டு வேளையில் புதுப் பள்ளியிலிருந்து ஃபோன் செய்தார். பேசிய பேச்சில் மணி அடித்தது கேட்கவில்லை. பிள்ளைகள்தான் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். இத்தனை மாதமும் சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருந்தார். தேவையா எனக்கு?