தட்டு அலமாரிக்கு ஒரு கும்பிடு

ஜூலை 22, செவ்வாய்

காலையிலிருந்து மழை. இன்சீனில் உள்ள பழைய சாமான் கடையிலிருந்து ஓக் அலமாரி வந்து சேர்ந்தது. மாடிப்படியில் திரும்பவில்லை. கயிறு கட்டி, பால்கனி வழியாக மூன்றாம் மாடிக்கு. தெருவே வேடிக்கை பார்த்தது. கடைக்காரருக்கு இன்னும் வருத்தம்: “தேக்கு இல்லியே, அமா.” பர்மிய மொழியில் அமா என்றால் அக்கா. நான் வாங்கினதே ஓக் என்பதற்காகத்தான்.

விக்டோரியா காலத்து வேலை. அப்போது வெள்ளைக்காரர்களுக்குப் பழைய தேவாலயங்கள் மேல் திடீர் ஆசை. கூர்வளைவு, தூண், இலைச் செதுக்கல், எல்லாவற்றையும் தட்டு வைக்கிற அலமாரியிலும் ஏற்றிவிட்டார்கள். எனக்குக் கொள்ளை ஆசை.

தம்பி டேனியல் முகம் சுளித்தான். “ஞாயித்துக்கிழமை திடாவோட அம்மா வீடு பாக்க வர்றாங்க. அவங்க புத்த மதம். இது கோயில் பீடம் மாதிரி நிக்குது. பயந்து பொண்ணு தரமாட்டேன்னுட்டா?”

முப்பத்தெட்டு வயதில் இப்போதுதான் இவனுக்கு ஒருத்தி அமைந்திருக்கிறாள்.

ஜூலை 25, வெள்ளி

மழை விட்டது. அலமாரிக்குப் போர்வை போட்டுப் பார்த்தோம். உள்ளே யாரோ ஒளிந்து நிற்கிற மாதிரி இருந்தது. எடுத்தாயிற்று.

வாங்க வேண்டியது: மெழுகு, பூ, கேக், தேயிலை ஊறுகாய் (விருந்தாளிக்கு இங்கே அதை வைத்தே ஆகவேண்டும்).

தட்டுகள், மாங்காய் ஜாடி, டேனியலின் பீர் கிளாஸ், எல்லாம் உள்ளே அடுக்கினேன்.

ஜூலை 27, ஞாயிறு

திடாவும் அவள் அம்மா டோ நியோவும் மாவ்பியிலிருந்து வந்தார்கள். அந்த அம்மாவின் தாத்தா தமிழர், அதனால் தமிழ் வரும். செருப்பைக் கழற்றினார், நேரே அலமாரி முன் போய்க் கைகூப்பினார். “மொதல்ல உங்க சாமிக்கு மரியாதை.”

சும்மா இருந்திருக்கலாம். டேனியல் உளறிவிட்டான்: “அது தட்டு அலமாரிங்க.”

திடா தரையைப் பார்த்தாள். அம்மா கதவைத் திறந்தார். மாங்காய் ஜாடி, பீர் கிளாஸ். சிரிக்கவில்லை.

“தட்டுக்கே இவ்ளோ பெரிய கோயில். எம்பொண்ணு கொண்டாற புத்தருக்கு எது எடம்?”

கேக் வரை யோசித்தோம், இதை யோசிக்கவே இல்லை. வெட்கமாகப் போயிற்று.

“இதாங்க எடம்” என்று அலமாரியின் உச்சியைக் காட்டினேன். நானா சொன்னேன்? எங்கள் சர்ச் போதகர் வந்தால், வீட்டில் புத்தரா என்று கேட்பார். கேட்கட்டும்.

“கீழ எச்சித் தட்டு இருக்கக் கூடாது.”

“எடுத்துடறேங்க.”

உச்சிப் பலகையைச் சாண் போட்டு இரண்டு தரம் அளந்தார். பிறகு காலண்டர் கேட்டார். புத்த மதத்தில் மழைக்கால விரதத்தின்போது கல்யாணம் கூடாதாம்; அது முடிந்ததும், நவம்பரில். டேனியல் கேக்கை வெட்டினான், கோணலாக. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

தட்டுகள் எல்லாம் என் கட்டிலுக்கு அடியில்.