மண் பிள்ளை

கண்டரமாணிக்கம்,
ஞாயிறு இரவு, 1927

அக்காவுக்கு,

இதை மச்சானிடம்கூடக் காட்டாதே. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

தம்பிக்குக் காய்ச்சல் என்று அப்பா எழுதியிருப்பார். வியாழக்கிழமை அவனுக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை. அப்பா அவன் தலைமாட்டில் முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தார். நானும் தனியாக ஜெபிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கொல்லை வழியாகப் பானை வனையும் வேளார் வீட்டுக்கு ஓடினேன். நோயில் கிடக்கும் பிள்ளை பிழைக்க, ஐயனாருக்கு மண்ணால் செய்த பிள்ளை ஒன்றை வைப்பார்களே, அதைக் கேட்டேன்.

"உபதேசியார் மகளுக்கு எதுக்குத்தா இது? மண்ணைக் கும்பிடாதீகன்னு உங்கப்பாருதானே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு" என்று வேளார் சிரித்தார்.

விளையாட என்று பொய் சொன்னேன்.

ஐயனார் காலடியில் அதை வைத்து விழுந்து கும்பிட்டேன். 'என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்' என்ற முதல் கற்பனையைப் பிழையில்லாமல் ஒப்புவித்துப் பள்ளியில் பரிசு வாங்கியவள் நான்தான், அக்கா.

விடிவதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. இன்று ஆலயத்தில் எல்லோர் முன்பும், "நான் கேட்டுக் கிடைக்கலை. எம்மக ஜெபத்தைத்தான் கர்த்தர் கேட்டாரு" என்று சொல்லி அப்பா அழுதார். நான் தலை குனிந்து நின்றேன். அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றால், ஐயனார் கோபித்துத் தம்பியைத் திரும்ப எடுத்துக்கொள்வாரோ என்று பயப்படுகிறேன். கும்பிட்டதைவிட இந்தப் பயம்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாளை அப்பாவிடம்

அப்பா கதவைத் தட்டுகிறார். தம்பிக்குத் திரும்பவும் உடம்பு சுடுகிறதாம். என்னை வந்து ஜெபிக்கச் சொல்கிறார்.