குங்குமம் வைத்தாயா, அக்கா?

என்மேல் கோபம் ஆறாமலே போய்ச் சேர்ந்த அக்காவுக்கு,

நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பெரிய பேரனுக்கு நெய்வேலியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. ஆவணியில் கல்யாணம். பேத்தி தேன்மொழி சிதம்பரத்தில் மனிதர்களின் ஞாபகத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். முடித்தால் பேருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமாம், ஊசி மட்டும் போட மாட்டாள். உன் பேத்தி கவிநிலா ஐந்தாவது வந்துவிட்டாள். அடுத்த வருஷம் என் படிப்பைத் தாண்டிவிடுவாள். பேச்சுப் போட்டியில் முதல் பரிசாம். அது உன் வாய்.

நான் எழுத உட்கார்ந்தது அந்தக் கவிநிலாவின் காதுகுத்து விஷயமாகத்தான். ஒன்பது வருஷம் ஆகிறது. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, நேரில் வந்து குங்குமம் கொடுத்துக் கூப்பிட்டால்தான் நம் வீடுகளில் அழைப்பு. பத்திரிகையை இன்னொருவர் கையில் கொடுத்தனுப்பினால், வராதே என்று சொன்ன மாதிரி. நீ கொடுத்தனுப்பினாய் என்று நான் விசேஷத்துக்கு வரவில்லை. மறுநாள் ஏன் வரவில்லை என்று போனில் கேட்டாய். நீ நேரில் வந்து கூப்பிடவில்லையே என்றேன். நினைவிருக்கிறதா?

"நான் வந்தேன்டி. நீ காய்ச்சல்ல போத்திக்கிட்டுக் கெடந்தே. உன் நெத்தியில நானே குங்குமம் வச்சேன்."

"வாசப்பக்கமே நீ வரல. பொய் சொல்லாத அக்கா."

அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. அதன்பிறகு ஆறு வருஷம், மஞ்சக்குப்பத்துக்கும் புவனகிரிக்கும் நடுவில் எத்தனை பஸ் போய் வந்திருக்கும். நான் ஏறவில்லை. நீ போனபோது வந்தேன். அழவில்லை. எனக்குத்தான் எல்லாம் அப்படியே கண்ணில் இருந்ததே. பக்கத்து வீட்டு ஜுலேகா பச்சைப் புடவையில் நின்று, ஜன்னல் கம்பி வழியாகப் பத்திரிகையை நீட்டுகிறாள். நான் வடாம் பிழிந்த கையைத் துடைத்துக்கொண்டு வாங்குகிறேன். இவரைக் கேட்டால், வேலைக்குப் போயிருந்தேன், எனக்கென்ன தெரியும் என்பார்.

போன மாதம் தேன்மொழி என்னைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப் போனாள். அறுபது தாண்டியவர்களை வைத்து ஒரு சோதனை செய்கிறார்கள். சொந்தக்காரர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாதாம், நான் வெறும் ஒத்திகைக்கு. காதில் ஒரு கருவியை மாட்டினார்கள். அதில் ஒரு பெண் குரல் வார்த்தை வார்த்தையாகச் சொன்னது. அடுப்பு, விறகு, புகை, சாம்பல், கரி, ஊதுகுழல் என்று பதினைந்து இருக்கும். கொஞ்ச நேரம் வேறு ஏதோ பேசிவிட்டு, எதெல்லாம் கேட்டது என்று கேட்டார்கள். நெருப்பு இருந்ததா என்றார்கள். இருந்தது என்றேன். எவ்வளவு உறுதி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள் என்றார்கள். ஐந்து என்றேன். கடைசிக்கு முந்தின வார்த்தை, அந்தப் பெண் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள் என்றுகூடச் சொன்னேன்.

திரும்பப் போட்டுக் காட்டினார்கள். நெருப்பு இல்லவே இல்லை.

"நீ அழிச்சிட்ட" என்றேன் தேன்மொழியிடம்.

"எதையும் அழிக்கல ஆயா. அடுப்பு, புகைன்னு கேட்டதும் உன் மனசே நெருப்பைச் சேத்துக்கிச்சு. நிறைய பேருக்கு அப்படித்தான் ஆவுது. பொய் சொல்றவங்க இல்ல அவுங்க."

அந்தக் குரல் என் காதில் இன்னும் நெருப்பு என்று சொல்கிறது, அக்கா. இல்லை என்று தெரிந்த பிறகும் சொல்கிறது.

மறுநாள் ஜுலேகாவிடம் போய்க் கேட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. தெரிந்த விஷயத்தை யாராவது போய்க் கேட்பார்களா?

"நானா குடுத்தேன்?" என்றாள். "அந்த மாசம் பூரா பரங்கிப்பேட்டையிலதானே இருந்தேன், என் மவ பிரசவத்துக்கு. அந்தப் புள்ளைக்கு இப்ப ஒம்பது வயசு."

தேன்மொழிக்குப் போன் செய்து சொன்னேன். ஜுலேகா சொல்வதும் ஞாபகம்தான், அதையும் அப்படியே நம்ப முடியாது என்றாள். அப்புறம் எதை வைத்து முடிவு பண்ணுவது என்று கேட்டேன். முழுக்கத் தெரிந்துகொண்டு யாரும் முடிவு எடுப்பதில்லை, எது தப்பாகப் போனால் நஷ்டம் அதிகம் என்று பார் ஆயா என்றாள்.

பார்த்தேன். நீ வராமலே இருந்து நான் மன்னிப்புக் கேட்டால், என் வீம்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நீ வந்திருந்தால்? கடலூர் வெயிலில் தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்து, காய்ச்சலில் கிடந்தவள் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுப் போனவளை நான் பொய்க்காரி என்று சொல்லியிருக்கிறேன்.

காய்ச்சல் வந்த ஞாபகம் எனக்கு இன்றைக்கும் இல்லை. உன் கை நெற்றியில் பட்ட ஞாபகமும் இல்லை. இரண்டு மூன்று நாளாகக் கண்ணை மூடினால் பட்ட மாதிரி இருக்கிறது. அதையும் நான் நம்பவில்லை. ஆசைப்பட்டு மனசே சேர்த்துக்கொள்ளும் என்றுதான் சொல்லிவிட்டார்களே.

தப்பு என்னுடையது என்று முடிவு பண்ணிவிட்டேன், அக்கா. மன்னித்துக்கொள்.

பேரன் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை உனக்குத்தான். யார் கையிலும் கொடுத்தனுப்ப மாட்டேன். தட்டோடு புவனகிரிக்கு நானே வந்து, மாலை போட்ட உன் படத்துக்கு முன்னால் வைத்து, கண்ணாடியில் உன் நெற்றி இருக்கும் இடத்தில் குங்குமம் வைப்பேன். உன் மகன் செல்வத்திடம் ஒன்று சொல்லியிருக்கிறேன். நான் வைக்கும்போது ஒரு போட்டோ எடுத்து, கழுவி, தபாலில் எனக்கு அனுப்பச் சொன்னேன். எதுக்கு சித்தி, போன்லயே அனுப்பறேனே என்றான். இல்லை, கையில் வேண்டும், பின்பக்கம் தேதி எழுதி அனுப்பு என்றேன்.

நான் வந்தேன் என்பதற்கு, இந்தத் தடவை என் ஞாபகத்தை மட்டும் நம்பப் போவதில்லை.

உன்னோடு பேசாமல் இருந்த உன் தங்கை,
சரோஜா
மஞ்சக்குப்பம்